உள்ளே விட்ட துணி

ஹோபார்ட், எலிசபெத் தெரு, நவம்பர்.
கடைக் கண்ணாடிக்கு அப்பால்
மலையின் உச்சந்தலையில் நேற்றைய பனி.
இங்கே இதற்கு வசந்தம் என்று பெயர்.

திரைக்குப் பின்னால் நிற்கிறேன்.
தோலோடு ஒட்டிய மெரினோ,
அதன்மேல் ஃப்ளீஸ்,
அதன்மேல் வாத்தின் தூவி அடைத்த ஜாக்கெட்.
(தூவி, எவ்வளவு நல்ல சொல்.
விலைச்சீட்டில் வெறும் டவுன்.)
மீடியம். மூச்சை இழுத்ததும் ஜிப் ஏறிவிட்டது.
கண்ணாடியில் எனக்கு இடுப்பு இருக்கிறது.
இதுவே போதும் என்று பட்டது.

ஜாக்கெட் என்ற சொல்லை ஈரோட்டில் கற்றவள் நான்.
அங்கே அது புடவைக்கு உள்ளே போவது.
குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடி
டெய்லர் ஞானசிகாமணி சொல்வார்:
"புடிச்சுத் தெச்சாத்தான் அழகு."
கையைத் தூக்கினால் அக்குளில் பிரியும்.
அதனால் நாங்கள் கையைத் தூக்கவில்லை,
பல வருடங்கள்.

"கையைத் தூக்குங்கள்" என்கிறாள் பிரையனி.
கடைக்காரி. மூக்கில் தோல் உரிந்திருக்கிறது,
போன வாரம் எந்தச் சிகரத்திலோ.
தூக்குகிறேன்.
இடுப்பில் குளிருக்கு ஒரு சாண் வாசல் திறக்கிறது.
"லேஸ் கட்டுவதுபோலக் குனியுங்கள்."
முதுகில் ஒவ்வொரு தையலும் தன் பெயரைச் சொல்கிறது.
"இப்போது உங்களையே கட்டிப்பிடியுங்கள்."

கடையில் நான்கு பேர்.
ஒருவன் டைட்டேனியம் கரண்டியைத்
தராசில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறான்.
நான் என்னைக் கட்டிப்பிடிக்கிறேன்.
தோள்பட்டையில் தூவி அப்பளமாய் நசுங்குகிறது.

அங்கே விரலை வைக்கிறாள்.
"இந்த இடத்தில்தான் குளிரும்."
சூடு தருவது இறகு இல்லையாம்,
இறகு பிடித்து உட்காரவைத்த காற்றாம்.
உட்கார அதற்கு இடம் வேண்டாமா?

ரோஷத்தில் எக்ஸ்எல் கேட்டேன்.
உள்ளே ஒருத்திக்கு வாடகைக்கு விடலாம்.
இரண்டடி நடந்ததும் துருத்திபோல
கழுத்து வழியே என் சூட்டை ஊதித் தள்ளியது.
"இவ்வளவு காற்றையும் நீங்கள்தான் காய்ச்ச வேண்டும்"
என்று சிரிக்காமல் சொன்னாள்.

இடையில் தமயந்தியின் குறுஞ்செய்தி:
"எடுத்துட்டியா? நீ மீடியம்தானே?"
பதினேழு வருடமாக மீடியம்.
உடம்பு எப்போதோ வேறு பக்கம் திரும்பிவிட்டது,
எழுத்து மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

லார்ஜ். தூக்கினேன், குனிந்தேன், கட்டிப்பிடித்தேன்.
எதுவும் நசுங்கவில்லை, எதுவும் திறக்கவில்லை.
பிறகுதான் ஞாபகம் வந்தது, இதற்கு மேலே
மழைக்கோட்டு வேண்டும். வீட்டில் இருப்பது
மெலிந்த காலத்தில் வாங்கியது.
அதையும் லார்ஜில் எடுத்தேன்.
அட்டையைத் தேய்த்த சத்தம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

மூன்றாம் இரவு. பெலியன் சமவெளி.
மரமேடையில் கூடாரம், துணியின் மேல் பொடிப்பனி
யாரோ அரிசி புடைப்பதுபோல.
தளர்ந்த கயிற்றை இழுக்க
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன்.
இடுப்பில் எந்த வாசலும் இல்லை.

உள்ளே வந்து, விடிந்தால் அடுப்பு பற்ற வேண்டுமே என்று
கேஸ் குப்பியை ஃப்ளீஸுக்கும் தூவிக்கும் நடுவில் செருகினேன்.
உறைந்தால் உதவாது என்று நீர் வடிகட்டியை அடுத்த பக்கம்.
காயாத காலுறை ஒரு ஜோடி நெஞ்சருகே.

ஞானசிகாமணியும் விட்டிருந்தார்,
அந்த இறுக்கத்துக்குள்ளேயே மடித்து
அரை அங்குலம்.
"பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்மா."
நான் பிரித்ததே இல்லை.

இருட்டில் தமயந்தியின் கை நீள்கிறது,
கையில் அவளுடைய வடிகட்டி.
"என்னுது மீடியம்டி. இதையும் உன்கிட்டயே வெச்சுக்கறியா?"

ஜிப்பைக் கொஞ்சம் இறக்குகிறேன்.
ஐயோ, என்ன ஜில்லென்று இருக்கிறது.